குளச்சல்: கேட்டதும் சொன்னதும்

அண்ணாச்சி, 1741-இல் டச்சுக்காரர்கள் நம் குமரி மாவட்டக் குளச்சலுக்கு எதற்கு வந்தார்கள்? நடந்தது கடற்போரா? (தக்கலையிலிருந்து)

எல்லாம் மிளகுக்காகத்தான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார். மிளகு வியாபாரம் மன்னர் கைக்குப் போனால் டச்சுக் கம்பெனியின் பிழைப்பு போச்சு. அதனால் கொழும்பிலிருந்து படை வந்து இறங்கியது.

கப்பலோடு கப்பல் மோதியதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கரையில் நடந்த முற்றுகை. அரண் கட்டி உள்ளே இருந்த டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் படை வளைத்தது. குண்டு விழுந்து வெடிமருந்தில் தீப்பிடித்து, அரிசியும் எரிந்துபோனது. சோறு இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? ஆகஸ்டில் சரணடைந்தார்கள். மீனவர்கள் துடுப்புகளை நிறுத்திவைத்துப் பெரும்படை போலக் காட்டினார்கள் என்பது ஊர்க்கதை; எனக்குப் பிடித்த கதைதான், ஆனால் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

குளச்சலில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் எப்படித் திருவிதாங்கூர் தளபதி ஆனார்? (நாகர்கோவில் கல்லூரி மாணவி)

மன்னருக்கு ஐரோப்பிய முறையில் படையைப் பழக்க ஆள் வேண்டியிருந்தது, கைதிக்கு வாழ வழி வேண்டியிருந்தது. உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தியவர் அவர்தான். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே கல்லறை இருக்கிறது. லத்தீனோடு தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். குளச்சல் வெற்றித் தூணைப் பார்ப்பவர்கள் அங்கேயும் போக வேண்டும், கதையின் மறுபாதி அங்கேதான். அவர் பழக்கத்தால் கிறிஸ்தவரான நீலகண்ட பிள்ளைதான் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம்.

ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் யார் வெட்டியது?

திருவிதாங்கூர் அரசு, 1860-களில். திருவனந்தபுரத்தையும் குமரியையும் படகுவழியாக இணைக்கும் திட்டம், முழுதாக முடியவில்லை. 2004 சுனாமியில் அலைக்குப் பயந்து ஓடியவர்கள் பலர் இந்தக் கால்வாயில் சிக்கி இறந்தார்கள். குளச்சலில் கால்வாய் என்றாலே இப்போது அந்த நினைப்புதான் வரும்.

சின்னமுட்டத்தில் விசைப்படகு போகிறது, குளச்சலில் தடை என்கிறார்கள். ஒரே மாவட்டத்தில் இதென்ன கூத்து?

கூத்தில்லை, நமக்கு இரண்டு கடல்! கிழக்குக் கடற்கரைக்கு விசைப்படகு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதில் சின்னமுட்டம் வரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. அப்போது வள்ளக்காரர்கள் (நாட்டுப் படகுக்காரர்கள்) கொண்டுவரும் சாளை மீனை, விலை பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.