ஸ்தபதியின் பட்டறையில் எதைக் குறித்துக்கொள்வது?

கேள்வி: சென்னை அம்பத்தூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் முறையை எழுத்தாகவும் படமாகவும் பதிவு செய்ய விரும்புகிறேன். மாதத்துக்கு இரண்டு நாள்கள்தான் போக முடியும். கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்திருக்கிறேன், அது போதுமா? அனுமதி எப்படிப் பெறுவது?

பதில்: முதல் பயணத்தில் கேள்விப் பட்டியலை வெளியே எடுக்க வேண்டாம். போய் உட்கார்ந்ததும் "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால், வந்துபோகும் எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும். அரை நாள் வேலையைப் பார்த்துவிட்டு, புரியாத இடத்தைச் சுட்டிக் கேட்டால், சிலை வார்க்கும் ஸ்தபதி தன் கையிலிருப்பதைக் காட்டியே விளக்கத் தொடங்குவார்.

ஓர் எடுத்துக்காட்டு. செய்யவேண்டிய திருமேனியின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, தாளம் எனப்படும் சிற்ப அளவுமுறைக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளையே அளவுகோலாகக் கொள்வார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். அந்தத் தாள அளவுகளில் ஒன்றான உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 பங்குகளாகும். ஒரு பங்குக்கு அங்குலம் என்றே பெயர். சிலை ஓரடி உயரமானாலும் நான்கடி உயரமானாலும் அது 124 அங்குலம்தான். முதல்முறை போனபோது இது தெரியாமல், ஸ்தபதி சொன்ன அங்குலங்களை நாடாவில் உள்ள அங்குலம் என்றே எண்ணி எழுதிவந்தேன். வீட்டில் வரைந்து பார்த்தால், முழங்கால் உயரமே இருந்த சிலை பத்தடியைத் தாண்டியது. அந்தக் குறிப்பேடு முழுவதும் பயனற்றுப்போனது. அடுத்த முறை போய்க் கேட்டபோது அவர் எதையும் விளக்கவில்லை. ஓர் ஓலையை என் கையில் கொடுத்து, மடிக்கச் சொன்னார். எனவே, எந்த அளவைக் கேட்டாலும் அது எதன் அளவு, எதைக் கொண்டு அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை முதலிலும், உங்கள் விளக்கத்தை அதன் பக்கத்திலும் எழுத வேண்டும். அவருடைய சொல்லை நீக்கிவிட்டு உங்கள் சொல்லை வைப்பது பதிவைக் கெடுத்துவிடும்.

இரண்டு நாள்களில் ஒரு சிலையின் முழு வேலையையும் பார்க்க இயலாது. தொலைபேசியில் பேசி, எந்தக் கட்டம் எப்போது நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு இரவு ரயிலில் கிளம்புங்கள். உலோகம் ஊற்றும் நாளைப் படம்பிடிக்கத்தான் எல்லோரும் விரும்புவார்கள். என்னைக் கேட்டால், முதலில் மெழுகில் செய்துகொள்ளும் உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசும் நாளைத்தான் தவறவிடக் கூடாது என்பேன். மெழுகில் செதுக்கிய நகமும் மணிமாலையும் உலோகத்தில் தெளிவாக விழுவது அந்தப் பூச்சைப் பொறுத்தது. மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகம் போவதால், எவ்வளவு உலோகம் தேவை என்பதை மெழுகின் எடையைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். செம்பு மெழுகைவிட ஏறக்குறைய 9 மடங்கு அடர்த்தியானது. ஆனால் அச்சுக்குள் உலோகம் ஓடும் வாய்க்கால்களுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து அந்தப் பட்டறையில் எத்தனை மடங்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். வெயில் காலத்தில் மெழுகு இளகுமே, அப்போது அதில் கலக்கும் குங்கிலியப் பிசினைக் கூட்டுவீர்களா என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட கேள்விகள் வேலையைப் பார்த்த பிறகே தோன்றும்.

ஒளிப்படம் எடுக்கும்போது முகத்தைவிடக் கைகளுக்கு இடம் கொடுங்கள். அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்க்கும் கோணத்திலேயே எடுத்தால் உளி எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது தெரியும்.

கிளம்பும் முன் சென்னையிலேயே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒரு முழு நாள் செலவிடுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கைத்தொழில்களைப் பற்றித் தனித் தொகுதிகள் வெளியாயின. கன்னிமாரா நூலகத்தில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். சுவாமிமலைத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை; அதற்கான பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. அதன் இதழில் விண்ணப்ப விவரங்கள் வெளியிடப்படுகின்றன.

அனுமதி என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள், பெயரைப் போடலாமா, பின்னால் வேண்டாமென்றால் நீக்குவீர்களா என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அவருக்குப் படித்துக்காட்டி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு பேசும் நேரத்தில் அவர் உளியைக் கீழே வைத்துவிடுகிறார். அந்த நேரத்துக்கான கூலியை முன்னதாகவே பேசிக் கொடுத்துவிடுங்கள். உலோகக் கலப்பின் விகிதத்தையோ, ஒரு கோயிலுக்காகச் செய்துகொண்டிருக்கும் உருவத்தையோ வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னால், காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அந்தப் பகுதியைக் குறிப்பேட்டிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போய், முழுவதையும் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். அவர் திருத்திய படியையே மூலமாகக் கொண்டு, அச்சிட்ட ஒரு பிரதியை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.