நிறத்தைக் கழித்தால் போதாது

அன்புள்ள ஐயா,

அப்பாவின் யாஷிகா எஃப்எக்ஸ்-3 கேமரா பரணில் கிடைத்தது. அதைத் தொடும் முன் செல்போனிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பழகலாம் என்று கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளுக்குப் போனேன். எல்லாப் படமும் சாம்பல் பூசியதுபோல் சப்பென்று இருக்கிறது. "வெறும் பழைய மோகம்" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் ஆயுள் முழுக்க இதிலேயே இருக்கிறீர்கள். ஃபிலிம் வாங்கிச் செலவு செய்யலாமா?

ஆர்., ஹலசூரு, பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. நரைத்த தாடி, சுருக்கம் விழுந்த பாட்டி முகம், இடிந்த சுவர் ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 'ஆழம்' தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம்மூர்க் கண்காட்சிகளிலும் தாடிகளுக்குப் பஞ்சமில்லை. அதை மோகம் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் உங்கள் படம் சப்பென்று போனதற்குக் காரணம் வேறு. சிவப்பு ரோஜாவும் பச்சை இலையும் கண்ணுக்குத்தான் எதிரெதிர். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பூ எது, இலை எது என்று தெரியாது. ஃபிலிமில் இதற்காகவே லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் என்கிற நிறக் கண்ணாடி போடுவோம். சிவப்பு ஃபில்டர் போட்டால் ரோஜா வெளுக்கும், இலை கறுக்கும். பச்சை போட்டால் தலைகீழ். செல்போனிலும் 'மோனோ' என்கிற கறுப்பு வெள்ளைத் தேர்வோடு நின்றுவிடாமல், எடிட் செய்யும் செயலியில் சிவப்பையும் பச்சையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாளின் (1932–2017) கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களையும் தேடிப் பாருங்கள். புதருக்குள் இருக்கும் உயிரைப் பிரித்துக் காட்ட நிறம் துணைக்கு வராது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதுதான் எல்லாம்.

அப்புறம் செலவு. நான் பழகிய காலத்தில் ஊட்டி ஆலையின் 'இந்து' ஃபிலிம் இருந்தது. ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது இல்ஃபோர்டு, கோடாக் என்று இறக்குமதிதான், விலை கையைக் கடிக்கும். வீட்டிலேயே கழுவினால் கொஞ்சம் தப்பலாம். படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னைக்காரர்கள் ஐஸ் கட்டியோடு அல்லாடுவார்கள். நமக்கு டிசம்பர், ஜனவரியில் அவ்வளவு பாடில்லை.

பிரிண்ட் போடுவது தனிச் சுகம். சிவப்பு விளக்கில், டெவலப்பரில் காகிதம் மூழ்கியிருக்கும் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்போம். காகிதத்தில் முதலில் தலைமுடி, புருவம், கண்மணி என்று கறுப்பானவை முந்திக்கொண்டு வரும். கன்னமும் நெற்றியும் கடைசியில்தான். அந்த வெளிச்சத்தில் படமே கறுத்துப்போனதாகத் தோன்றும். பயந்து சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள், வெளியே வந்து பார்த்தால் வெளிறிக் கிடக்கும். முழு நேரமும் கிடக்கட்டும். நான் இதைக் கட்டிக்கொண்டு அழுவது அந்த ஓரிரு நிமிடத்துக்காகத்தான்.

அப்பாவின் கேமரா நல்ல கேமரா. ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும். ஆனால் பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் இந்நேரம் கரைந்து பிசுபிசுவென்று ஆகியிருக்கும். அப்படியே ஃபிலிம் போட்டால் வெளிச்சம் கசிந்து படம் வீணாகும். கேமரா ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து முதலில் அதை மாற்றுங்கள். அதன்பிறகு 36 படச் சுருள் ஒன்று வாங்குங்கள், இப்போதைக்கு அது போதும்.