தலைவர் பேச்சைக் கேட்டு அழுதேன், ஏமாளியா நான்?

கேள்வி: நாட்டையே உலுக்கிய ஒரு துக்கச் செய்தி வந்த அன்று, தலைவர் ஒருவர் டிவியில் பேசியதைக் கேட்டு டீக்கடையிலேயே அழுதுவிட்டேன். "எல்லாம் ஓட்டுக்கு நடிப்பு, இவ்வளவு லேசா ஏமாறுறீங்களே அப்பா" என்று கல்லூரியில் படிக்கும் மகன் சிரிக்கிறான். நான் ஏமாளியா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஐயா, அழுததற்கு வெட்கப்படாதீர்கள். செத்தவர்களுக்காக வந்த கண்ணீர் அது, பேசியவர் கணக்கில் எழுத வேண்டாம். மகன் கேட்டதும் தப்பில்லை, கேட்ட விதம்தான் கொஞ்சம் துடுக்கு.

இழவு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கட்டிப்பிடித்து அழுவார். அழுது முடித்ததும் பந்தலுக்குச் சொல்லியாச்சா, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்பார். இன்னொருவரும் அதே அழுகைதான் அழுவார். ஆனால் பிணம் எடுப்பதற்குள் பழைய பங்காளிச் சண்டையைக் கிளப்பிவிடுவார். அழும்போது இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

1948 ஜனவரி 30 மாலை காந்தி சுடப்பட்டார். அன்றிரவு நேரு வானொலியில், எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருட்டு என்றுதான் ஆரம்பித்தார். கல்லும் கரையும் பேச்சு. ஆனால் சுட்டவனைப் பைத்தியக்காரன் என்றதோடு விட்டார். சாதி, மதம் எதுவும் சொல்லவில்லை. நாட்டில் பரவியிருக்கும் விஷத்தை வேரோடு பிடுங்க வேண்டும், அதையும் வெறிபிடித்துச் செய்யக் கூடாது என்றார். அந்தப் பேச்சால் எல்லாம் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுட்டவன் பிராமணன் என்று தெரிந்ததும் மகாராஷ்டிரத்தில் பிராமணர் வீடுகள் எரிந்தன.

1984-இல் இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 19 அன்று ராஜீவ் காந்தி, பெரிய மரம் சாய்ந்தால் பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்றார். தாயைப் பறிகொடுத்தவரின் வலி பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் செத்த சீக்கியர்கள் வெறும் அதிர்வாகிப் போனார்கள்.

நியூசிலாந்தில் 2019-இல் இரண்டு மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அவன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்றார் பிரதமர் ஜசிந்தா ஆர்டன். ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தையும் மாற்றினார். பந்தலுக்குச் சொன்னவர் ரகம்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் கேட்ட பேச்சை மறுநாள் மலையாளப் பேப்பரில் படிக்கலாம். தழுதழுத்த குரலும் பின்னணி இசையும் அதில் வராது. யாருக்கு என்ன செய்வேன் என்றார், யார் மேல் நம் கோபத்தைத் திருப்பினார் என்பது மட்டும் நிற்கும். நான் பேனாவும் கையுமாகத்தான் படிப்பேன். சில நாள் அரைப் பக்கப் பேச்சில் அடிக்கோடு போட ஒரு வரிகூடத் தேறாது.

மலையாளம் உங்களைவிட மகனுக்கு நன்றாக வரும் என்று நினைக்கிறேன். அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த வரி நடிப்பு என்று விரல் வைத்துக் காட்டட்டும்.