ஒரே எஸ்எஸ்எல் கன்சோலின் பிளகின்கள் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன?

எஸ்எஸ்எல் என்பது ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான மிக்சிங் கன்சோல்கள் செய்யும் நிறுவனம். இந்த பிளகின்கள் நகலெடுப்பது அதன் சேனல் ஸ்ட்ரிப்பை. சேனல் ஸ்ட்ரிப் என்பது மிக்சிங் கன்சோலில் ஒரு குரலோ கருவியோ கடந்துபோகும் ஒற்றை வரிசை. ஈக்யூ (தாழ், உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது), கேட் (மெல்லிய இரைச்சலை அடைப்பது) எல்லாம் அதற்குள்ளேயே. பிளகின் என்ற கணினி மென்பொருள் அந்த மின்சுற்றின் நடத்தையைக் கணக்காக்கி நகலெடுக்கிறது.

சரி, எதை நகலெடுத்தார்கள்? அங்கேதான் விஷயம். எஸ்எஸ்எல் 4000 ஈ என்ற கன்சோலின் ஈக்யூ ஒன்றல்ல. தாழ்சுருதிக் குமிழ் பழுப்பாக இருந்தால் ஒரு சுற்று, கறுப்பாக இருந்தால் வேறு சுற்று. போதாக்குறைக்கு, பாகங்களின் மதிப்பு சேனலுக்குச் சேனலே லேசாக மாறும். ஒரே சாம்பார், ஆனால் வீட்டுக்கு வீடு பொடி வேறு என்பதுபோல.

'இந்த பிளகின்தான் கனமாக ஒலிக்கிறது' என்று பலர் சொல்வது, பெரும்பாலும் அது ஒரு டெசிபல் கூடுதல் சத்தமாக இருப்பதால்தான். அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள்.