படிவத்துக்கு வராத 11 பேர்

கேள்வி: நம்பியூர் அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்தின்போது, ‘உங்கள் வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?’ என்று கூகுள் படிவத்தில் தெரிவுகளுடன் கேட்டேன். 42 பேரில் 31 பேர் பதில் அனுப்பினர். வட்ட விளக்கப்படத்தைப் படிவமே வரைந்துவிட்டதால், மாணவர்கள் அதைப் பார்த்ததோடு பாடம் முடிந்துவிட்டது. இம்முறையால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. கேள்வியையும் மிகப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கொங்குப் பகுதியில் இதற்கு விடை சொல்லத் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. ஆனால் படம் வரைவதைப் படிவத்திடம் விட்டதுபோல், யோசிப்பதையும் அதனிடமே விட்டுவிட்டோம் என்பதுதான் இதில் எனக்குள்ள வருத்தம்.

அடுத்த முறை தெரிவுகளை நீக்கிவிட்டு, விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஒருவர் ‘8’ என்பார், இன்னொருவர் ‘எட்டு நாள்’ என்பார், வேறொருவர் ‘வாரம் ஒருமுறை’ என்பார். இவற்றை ஒரே அலகுக்குக் கொண்டுவரும் வேலையை மாணவர்களிடமே கொடுத்து, நேர்க்கோட்டுக் குறியிட்டு, எந்த விடை எத்தனை முறை வந்தது என்று காட்டும் நிகழ்வெண் பட்டியலைக் கையால் தயாரிக்கச் செய்யுங்கள்.

அப்போது தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் பிள்ளையின் விடை குறுக்கே வந்து நிற்கும். அந்த வீட்டில் குழாய் இணைப்பே இல்லை, ஆழ்துளைக் கிணற்று நீர்தான் என்பதால் அவன் ‘0’ என்று எழுதியிருப்பான். உதாரணத்துக்கு, நான்கு வீடுகளின் விடை 6, 7, 7, 8 என்றால் கூட்டுச்சராசரி 7. அந்த 0 சேர்ந்தால் சராசரி 5.6 ஆகிவிடும், தண்ணீரே வராத ஒரு வீட்டைச் சேர்த்ததால் ஊருக்கே தண்ணீர் சீக்கிரம் வருவதாகக் கணக்கு காட்டும்! வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலை அளவோ அப்போதும் 7 ஆகவே நிற்கும். விடை இல்லாமையும் சுழியும் ஒன்றல்ல என்பதையும், கூட்டுச்சராசரி ஒரே எண்ணால் இழுபடும்போது இடைநிலை அளவு ஏன் அசையவில்லை என்பதையும் இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிக் கணக்கும் காட்டிவிடாது. இதற்காக ஒரு முழுப் பாடவேளையைச் செலவிட்டாலும் தகும்.

இனி, பதில் அனுப்பாத 11 பேர். நான் இவர்களையே முக்கியமானவர்களாகக் கருதுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியைத் தந்தை பனியன் கம்பெனிக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் இருக்கலாம். தண்ணீர் அரிதாக வரும் வீடுகளே இவர்களிடையே அதிகமாக இருந்தால், அந்த 31 பேரின் சராசரி வகுப்பின் சராசரி ஆகாது. ஆகவே அந்த 11 பேரிடமும் வகுப்பிலேயே காகிதத்தில் விடை வாங்கி, இரு சராசரிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். வேறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை மாணவர்களே கண்டறிய வேண்டும்.

1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பி, சுமார் 24 லட்சம் விடைகளைப் பெற்றும், குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று தவறாகக் கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். பெயர்ப் பட்டியலின் பெரும்பகுதி தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரிடமிருந்து எடுக்கப்பட்டதும், சீட்டைத் திருப்பி அனுப்பாதோர் வேறு விதமாக வாக்களித்ததும் அதற்குக் காரணங்கள். இதைச் சொன்னால், அந்த 11 பேர் ஏன் முக்கியம் என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

மேலும், படிவத்தை அனுப்புமுன் நான்கைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிட 1930களில் இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸும் சிறிய முன்னோட்டக் கணக்கெடுப்பில்தான் தொடங்கினார். அப்படிக் கேட்டால் ‘0’ சிக்கல் முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் ஒருமுறை அது வகுப்பில் நேர்வதே நல்லது.

கேள்வி: காங்கேயத்திலிருந்து ஒரு பெற்றோர் எழுதுகிறேன். என் மகளின் வகுப்பில் கணிதச் செயல்திட்டம் என்று பெயர், கைப்பேசி எண், தந்தையின் மாத வருமானம் ஆகியவற்றை இணையப் படிவத்தில் கேட்டார்கள். கொடுக்கலாமா?

பதில்: தேவையில்லை என்பதே என் கருத்து. சராசரி காணப் பெயர் வேண்டியதில்லை. வருமானத்துக்குப் பதில் பள்ளிக்கு வரும் தொலைவைக் கேட்டாலும் அதே கணக்கைக் கற்பிக்கலாம். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காதபடி படிவத்தை அமைக்கவும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது என்பதை ஆசிரியரிடம் பணிவுடன் நினைவூட்டுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது: ‘ஊர்’, ‘தந்தையின் தொழில்’ என்ற இரண்டு விடைகளைச் சேர்த்துப் பார்த்தாலே, சிறிய வகுப்பில் அது யாருடைய படிவம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.