வள்ளுவர் எங்கே போனார்?

கேள்வி: விண்டோஸில் ‘வள்ளுவர்’ தமிழ்க் குரலை இறக்கினேன். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளில் நன்றாக வாசிக்கிறார். கட்டுரைகளை எம்பி3 ஆக்கித் தரும் என் பழைய மென்பொருளில் மட்டும் ஆளையே காணோம். மூன்று முறை நிறுவிவிட்டேன்.

பதில்: முப்பது முறை நிறுவினாலும் வரமாட்டார். விண்டோஸில் குரல்களுக்கு இரண்டு கிடங்குகள்: பழையது சாபி 5, புதியது ஒன்கோர். செட்டிங்ஸ் வழியாக இறக்கும் குரல் ஒன்கோரில் போய்ச் சேரும். உங்கள் மென்பொருள் சாபி 5 கிடங்கை மட்டும் எட்டிப் பார்க்கிறது. என்விடிஏ இரண்டையும் பார்க்கும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இடம் மாற்றும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒன்கோர் குரல்களை ஏற்கும் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: என்விடிஏ-வோடு வரும் இ-ஸ்பீக் குரலில் வேகம் 100 வைத்தும் போதவில்லை.

பதில்: என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரல் அமைப்பு திறக்கும். அங்கே வேகத்தை இன்னும் கூட்டும் ‘ரேட் பூஸ்ட்’ இருக்கிறது. அதைத் தொடுமுன் வேகத்தை 20-க்கு இறக்கிவிடுங்கள். 100-இல் வைத்தபடியே தேர்வு செய்துவிட்டு, ஒரு சொல்லும் பிடிபடாமல் நான் விழித்த அனுபவம் உண்டு. அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், காது பழகிக்கொள்ளும். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒவ்வொரு முறையும் இந்தச் சாளரத்துக்கு வர வேண்டியதில்லை. என்விடிஏ விசை, கன்ட்ரோலுடன் இட வல அம்புகளால் ‘ரேட்’டுக்குப் போய், மேல் கீழ் அம்புகளால் மாற்றலாம்.

கேள்வி: என்விடிஏ-வில் தானாக மொழி மாறும் வசதியைத் தேர்வு செய்திருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதத்தில் குரல் மாறுவதே இல்லையே?

பதில்: எழுத்தைப் பார்த்து அது மொழியை ஊகிப்பதில்லை. ‘இந்தப் பகுதி தமிழ்’ என்ற குறிப்பு ஆவணத்துக்குள் இருந்தால்தான் மாறும். வேர்டில் அந்தப் பத்தியைத் தேர்ந்து, மொழியைத் தமிழ் என்று அமைத்துப் பாருங்கள். வெறும் நோட்பேட் கோப்பில் அதற்கு வழியில்லை.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் நான் மாற்றிய வேகம், சுருதி எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: என்விடிஏ முறையாக மூடும்போதுதான் தானாகச் சேமிக்கும். மாற்றிய கையோடு என்விடிஏ விசை, கன்ட்ரோல், சி அழுத்திவிடுங்கள்.

கேள்வி: திடீரென்று பேச்சு நின்று ‘பீப்’ ஒலி மட்டும் கேட்கிறது. குரல் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. என்விடிஏ விசையோடு எஸ் தவறுதலாகப் பட்டிருக்கும். பேச்சு திரும்பும் வரை அதையே மீண்டும் மீண்டும் அழுத்துங்கள்.