பெயர்ப்பலகை இல்லாத படிப்பு

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (மலைச் சிற்றூர்) இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.காம். கிடைக்கவில்லை; கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. புவியியல் கிடைத்திருக்கிறது. "மேப்புக்குக் கலர் அடிக்கவா மூணு வருஷம்?" என்கிறார் மாமா. இதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்? மழை, நிலச்சரிவு பற்றி ஆராயும் வேலை கிடைக்குமா? லேப்டாப் கட்டாயமா? வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

ர.

அன்புள்ள ர.,

மாமா சொல்வதில் பாதி உண்மை. நானும் புவியியல் படித்தவன்தான். முதல் வருடம் முழுக்கப் பென்சிலைச் சீவிச் சீவிச் சம உயரக் கோடு வரைந்தேன். 1:50,000 அளவுத் தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் ஏற்றம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். அது பழகியபின் ஊருக்குத் திரும்பும்போதெல்லாம், கோத்தகிரி மலைப்பாதையில், குஞ்சப்பனையில் பஸ் வளைந்து ஏற ஏற எத்தனை கோடு தாண்டினோம் என்று மனம் எண்ண ஆரம்பித்தது. அந்த வியாதி இன்னும் தீரவில்லை.

நிலச்சரிவுக்கு வருகிறேன், அங்கேதான் ஒரு குழப்பம் இருக்கிறது. பாறையையும் அதன் அமைப்பையும் படிப்பது ஜியாலஜி, நிலவியல். நீங்கள் சேரப்போவது ஜியாகிரபி. நிலவியலுக்கான மத்திய அரசு அமைப்பான ஜியாலஜிகல் சர்வேயைப் பத்திரிகைகள் 'புவியியல் ஆய்வு மையம்' என்றே எழுதி ஊரைக் குழப்பிவிட்டன. அங்கே நிலவியலாளராகச் சேர நிலவியல் பட்டம் வேண்டும். வானிலைத் துறையிலும் இயற்பியல் படித்தவர்களுக்குத்தான் முன்வாசல். சேரும்போது யாரும் சொல்லாத விஷயம் இது. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் புவியியலுக்கு என்ன மிச்சம்? நம் நீலகிரி மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் மழை. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம்தான் அதற்கு முகம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பரில் நம் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரே மாவட்டம், எதிரெதிர் முகங்கள், இரண்டு பருவமழைகள். எந்தச் சரிவில் வீடு கட்டியிருக்கிறார்கள், ஓடையின் பழைய வழி எது, எந்த ரோடு அடைபட்டால் எந்த ஹட்டி தனித்துப்போகும்? பாறையைத் தட்டிப் பார்த்து மட்டும் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. சரிவு, மழை, வீடு, ரோடு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்க்கிறவர் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்குப் 'புவியியலாளர்' என்று பெயர்ப்பலகை இருக்காது. ஜிஐஎஸ் (கம்ப்யூட்டரில் வரைபடத் தகவல்களை அடுக்கி ஆராயும் முறை) அனலிஸ்ட் என்றிருக்கும், பேரிடர் மேலாண்மை என்றிருக்கும், நகரமைப்பு என்றிருக்கும்.

வெறும் பட்டத்தோடு போனால் கஷ்டம்தான். ஜிஐஎஸ்ஸும், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வும் கையில் இருக்க வேண்டும். ஜிஐஎஸ் பழக க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை இஸ்ரோவின் புவன் தளத்திலேயே பார்க்கலாம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாமல் ஆன்லைன் வகுப்பு நடத்திச் சான்றிதழும் தருகிறது. முதல் வருடமே ஒன்று முடித்துவிடுங்கள். 2021 பிப்ரவரியில் வரைபட விதிகளை மத்திய அரசு தளர்த்தியபின், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலேயே வரைபடத் தரவு சேகரிக்கலாம். அங்கே தொடக்க வேலை சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில் எட்டு மாதம் திரையில் கூரைகளைச் சுற்றிக் கோடு போட்டேன். மாமா சொல்லும் கலர் அடிக்கிற வேலைதான், கம்ப்யூட்டரில். அதிலேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. மேலே போனவர்கள் எம்.எஸ்ஸி. படித்தார்கள், பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கொஞ்சம் கற்றார்கள், அல்லது எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்து நகரமைப்பில் முதுகலைக்குப் போனார்கள்.

பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறினால், ஆசிரியர் தேர்வு வாரியம் புவியியலுக்குத் தனியாகப் பட்டதாரி ஆசிரியர்களை எடுக்கிறது. அப்பாவுக்குச் சொல்ல இது நல்ல பதில்.

ஐ.ஏ.எஸ். தேர்வில் புவியியல் விருப்பப் பாடமாக இருக்கிறது, அதற்காகவே சேரலாம் என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பாடத்தை எந்தப் பட்டம் படித்தவரும் எடுக்கலாம்.

அப்புறம் லேப்டாப். முதல் வருடம் தேவைப்படாது, கல்லூரி ஆய்வகம் போதும். பணம் கட்டப் போகும்போது அலுவலக ஜன்னலோடு திரும்பிவிடாமல் துறைக்குப் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஜிஐஎஸ் பாடம் எந்த செமஸ்டரில் வருகிறது, களப்பயணம் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கட்டிவிடுங்கள். மாமாவையும் கூட்டிப் போங்கள்.